பெராஸ்ட்டில் ஒரு பூத்தையல்

மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவில் பெராஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அட்ரியாட்டிக் கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து வந்து குளம்போல் நிற்கும் இடம். கரையோரமாக ஒரு தெரு, வெனிஸ் ஆட்சிக் காலத்துக் கல் மாளிகைகள், 55 மீட்டர் உயர மணிக்கூண்டு. அரை மணி நேரத்தில் ஊரை நடந்து முடித்துவிடலாம்.

ஆனால் எதிரே தெரியும் மாதா கோயில் தீவுக்குப் படகில் போகாமல் திரும்பாதீர்கள். அது மனிதர் கட்டிய தீவு. 1452 ஜூலை 22 அன்று கடலில் ஒரு பாறைமேல் மீனவர்கள் மாதா படத்தைக் கண்டார்கள் என்பது ஊர்க்கதை. அப்புறம் கல்லையும் பழைய கப்பல்களையும் மூழ்கடித்தே தீவை எழுப்பிவிட்டார்கள்! இன்றும் ஒவ்வொரு ஜூலை 22 மாலையும் படகுகளை வரிசையாகக் கட்டிப் போய்க் கல் போடுகிறார்கள்.

கோயிலுக்குள் ஒரு பூத்தையல் இருக்கிறது. யாசிந்தா குனிச் என்ற இந்த ஊர்ப் பெண், கடலுக்குப் போன தன்னவனுக்காகக் காத்திருந்து 25 வருடம் தைத்தது. பொன் நூல், வெள்ளி நூல், கூடவே தன் தலைமுடி. கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்தேன். குட்டித் தேவதைகளின் தலைமுடி ஓரிடத்தில் கருமை, இன்னோரிடத்தில் நரை. தைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வயதாகியிருக்கிறது. தொண்டை அடைத்துவிட்டது எனக்கு.

படகுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். அடுத்த நடையில் வருகிறேன் என்று கை காட்டிவிட்டு அங்கேயே நின்றேன்.