காற்று போகும் ஊர்

வானிலை அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை பலூன் விடுவது. விடிவதற்கு முன்பே ஹைட்ரஜன் நிரப்பி மேலே விட்டு, கோணம் அளக்கும் தொலைநோக்கியான தியோடோலைட்டில் கண்ணை வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோணம் குறிக்க வேண்டும். அதைக் கணக்குப் போட்டால் எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் எழுதுவோம். எங்கே போகிறது என்று எழுதும் வழக்கம் இல்லை.

பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் ஒன்றான பிக்கினித் தீவில் 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் முன்னேற்பாடுகளைப் படிக்கும்போது எனக்கு இந்த வழக்கம்தான் உறுத்துகிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவின் 167 பேரையும் இடம் மாற்றியிருந்தார்கள். கப்பல், விமானம், அக்கம்பக்கத் தீவுகளில் வானிலை நிலையம் என்று எல்லாம் தயார். முந்தைய இரவுக் கூட்டத்திலேயே மேல்காற்று சரியில்லை என்று சொல்லப்பட்டுவிட்டது. 20,000 அடியில் அது கிழக்கே, ரோங்கெலாப் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே மக்கள் இருந்தார்கள். 1946 சோதனையின்போது அவர்களையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். இந்த முறை அதைச் செய்யவில்லை. கூட்டம் முடிந்தது, காலை 6:45-க்கு வெடித்தார்கள்.

எதிர்பார்த்த வலிமை 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்), வெடித்தது 15. குண்டின் எரிபொருளில் இருந்த லித்தியம்-7 வினையில் சேராது என்று நினைத்தது பிழை. அந்தப் பிழையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கையில் இருந்த காற்றுத் தாளைத் தாண்டிப் போனதைத்தான் ஏற்க முடியவில்லை.

எனக்கும் ஒரு இரவு உண்டு. காற்று திரும்புவதைக் குறித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "காலையில பார்த்துக்கலாம்பா" என்றார் மேலதிகாரி. சரி சார் என்று வந்துவிட்டேன். கடலில் படகுகள் இருந்தன. எல்லாம் பத்திரமாகக் கரை சேர்ந்தன, ஆனால் நான் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும்.

ரோங்கெலாப்புக்கும் கிழக்கே உள்ள ரோங்கெரிக் தீவில் இருந்த 28 அமெரிக்கர்களில் வானிலை ஆட்களும் உண்டு. என்னைப் போலப் பலூன் விட்டவர்கள். குண்டிலிருந்து காற்றோடு வந்த கதிரியக்கச் சாம்பல் அவர்கள்மேலும் விழுந்தது. கதிர்வீச்சுக் கருவியின் ஊசி கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது. மார்ச் 2 அன்று அவர்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரோங்கெலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது மார்ச் 3-இல்.