கீழ்ப்பல்செட்டு: ஜூன் மாத நாட்குறிப்பு

2-6-2024, ஞாயிறு, யாங்கோன்

கோயிலில் தேவார வகுப்பு. மழை கொட்டியதால் ஒன்பது பிள்ளைகளே வந்திருந்தார்கள். தகரத்தையும் நகரத்தையும் ஒலித்துக் காட்டும்போது கீழ்ப்பல்செட்டு எழும்பி நாக்கில் இடித்தது. நாநுனி பரந்து மேற்பல்லின் அடியைத் தொட்டால்தான் இவ்விரண்டு எழுத்துகளும் பிறக்கும் என்கிறது நம் இலக்கணம். கீழ்ச்செட்டை அமுக்கி வைப்பதற்கே நாக்கு போதாதபோது அது மேலே எப்படிப் போகும்? பள்ளியில் பர்மிய மொழியிலேயே படிக்கும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இந்த வகுப்பில்தான் திருத்தமான தமிழ் காதில் விழுகிறது என்பதால், நான் குழறினால் அந்தக் குழறலையே அவர்கள் உச்சரிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு சிறுமி ‘தாயே’ என்பதை என்னைப் போலவே காற்றுக் கலந்து சொன்னாள். வீடு வந்தும் மனம் ஆறவில்லை.

5-6-2024, புதன்

மாலையில் மருமகள் லப்பெத்தோ என்னும் ஊறிய தேயிலைக் கலவை பிசைந்து கொடுத்தாள். அதிலிருந்த ஓர் எள் செட்டுக்கும் ஈறுக்கும் இடையில் புகுந்து, மெல்லும்போதெல்லாம் ஊசியாய்க் குத்தியது. மின்சாரம் இல்லாததால் கைவிளக்கைப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தபோது, இடப்பக்க ஈற்றில் அரிசியளவு வெள்ளைப் புண் தெரிந்தது. தளர்ந்த செட்டு ஒவ்வொரு வாய்க்கும் அசைந்து ஒரே இடத்தில் உரசியதால் வந்த புண் அது.

தீபாவளியிலிருந்து, செட்டை ஈற்றோடு ஒட்டவைக்கும் பசையை நம்பித்தான் இருக்கிறேன். முதலில் பட்டாணியளவு போதுமாக இருந்தது. இப்போது பட்டை பட்டையாகப் பூசியும் மதியத்துக்குள் விட்டுப்போகிறது. “அத்தை, பசை கூடக்கூடச் செட்டு பொருந்தவில்லை என்றுதானே பொருள்?” என்று மருமகள் கேட்டாள். அவள் சொல்வதே சரி.

10-6-2024, திங்கள்

பல் மருத்துவரிடம் போனேன். புண்ணுக்குப் பயந்து நான்கு நாள் கழற்றியே வைத்திருந்தாலும், இன்று காலையிலிருந்து மாட்டிக்கொண்டுதான் போனேன். உரசும் இடம் சிவந்து தெரிந்தால்தான் எங்கே தேய்க்க வேண்டும் என்று மருத்துவருக்குப் புலப்படும்.

செட்டு தேய்ந்துவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உண்மையில் தேய்ந்து குறைந்திருந்தது என் தாடை எலும்புதான். பல்லைத் தாங்குவதற்கென்றே இருந்த எலும்பு மேடு, பல் போன பிறகு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும், ஆனால் நிற்காமல் கரைகிறது. முழுப்பல்செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 1972இல் வெளிவந்த ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். மேல்செட்டு அண்ணம் முழுவதையும் மூடி, எச்சிலின் மெல்லிய படலத்தால் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்கிறது. கீழ்ச்செட்டுக்கு அந்த வசதி இல்லை. குதிரை லாடம் போன்ற அந்த ஒடுங்கிய துண்டை நாக்கு ஒருபுறமும் கன்னமும் உதடும் மறுபுறமும் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

பசையையும் கையோடு காட்டினேன். துத்தநாகம் கலந்த பசையை அளவுமீறி நெடுநாள் பூசினால் உடலில் செம்புச் சத்து குறைந்து நரம்பு கெடும் என்றும், அது வேண்டாம் என்றும் எச்சரித்தார். தாடையில் இரண்டு திருகுகளைப் பதித்து அவற்றின் மேல் செட்டைப் பொருத்தும் முறையையும் விளக்கினார். அதற்கான பணம் இப்போது என்னிடம் இல்லை. செட்டின் பற்கள் நன்றாக இருப்பதால், அடிப்பக்கத்தை மட்டும் இன்றைய ஈற்றுக்கு ஏற்பப் செட்டு செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கைப் புதிதாக இட்டு நிரப்பலாம் என்று முடிவாயிற்று.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவருடைய செட்டு எந்நேரமும் கைக்குட்டையில்தான் இருக்கும். கல்யாண வீட்டு வாசலில் மாட்டுவார், பந்தியில் உட்காருமுன் கழற்றிவிடுவார். கடைசி எட்டு ஆண்டுகள் கஞ்சியிலேயே கழிந்தன. இப்படிச் சரிசெய்யலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

14-6-2024, வெள்ளி

அழுந்திக் கிடந்த ஈறு தன் வடிவுக்குத் திரும்பினால்தான் அச்சு சரியாக விழும் என்பதால், இரண்டு நாளாகக் கீழ்ச்செட்டு இல்லாமல் இருந்தேன். மீன்குழம்பில் அரிசி நூடுல்ஸ் இட்ட மொஹிங்காவைக்கூட, அந்த நூடுல்ஸை நறுக்கித்தான் சாப்பிட முடிந்தது. இன்று செட்டுக்குள்ளேயே அச்சுக்கலவையை வைத்து அளவெடுத்து, மாலையில் திருப்பிக் கொடுத்தார்கள். இரவில் கழற்றி, பச்சைத் தண்ணீரில் போட வேண்டும்; வெந்நீர் பட்டால் அக்ரிலிக் வளைந்துவிடும். கைநழுவினாலும் உடையாதிருக்க, கீழே தண்ணீர்ச் சட்டியை வைத்துக்கொண்டே தேய்க்கிறேன்.

23-6-2024, ஞாயிறு

இந்த ஒன்பது நாளும் விடியற்காலையில் உரக்கப் படித்துப் பழகினேன். கவளத்தை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் ஒரே நேரத்தில் மெல்வதும் கைவந்துவிட்டது. ஒருபக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்குகிறது. வகுப்பில் அதே சிறுமியை அழைத்து, ‘தாயே’ என்று மூன்று முறை சொல்லிக் காட்டினேன். செட்டு அசையவில்லை. மூன்றாம் முறை அவளுக்குத் தகரம் தெளிவாக வந்தது.

புதிய ஓரம் இடப்பக்கம் இன்னும் சிறிது அழுத்துகிறது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாட்டிக்கொண்டு போய்த் தேய்த்து வர வேண்டும்.