யாக்கோபு இரண்டாம் அதிகாரம் வரும் வாரம்

பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்க ஆயத்தம்செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் மூன்றும் பெரும்பாலும் சிக்கலில்லாமல் நகர்ந்துவிடும். பிள்ளைகள் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். வகுப்பு முட்டிக்கொண்டு நிற்பது இரண்டு வசனங்களில். மனுஷன் நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான், அதாவது தேவன்முன் நீதிமானாக ஏற்கப்படுகிறான், என்கிறது ரோமர் 3:28. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது யாக்கோபு 2:24. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது போதும். "அப்ப ரெண்டுல ஒண்ணு தப்பா, ஐயா?"

இந்தக் கேள்வியைப் பயந்து தவிர்ப்பவர்கள் உண்டு. "ரெண்டும் சரிதான், உட்காரு" என்று அடக்கிவிடுவார்கள். அதைவிட, இரண்டு வசனத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, கேள்வியை நாமே கேட்டுவிடுவது மேல். ஒன்றரை மணி நேர வகுப்பில் முதல் அரைமணியைச் சொற்களுக்கே ஒதுக்கிவிடலாம். முடிச்சில் பாதி அங்கேதான் விழுந்திருக்கிறது.

'கிரியை' என்ற சொல் தமிழ்க் காதுக்கு வெறும் 'செயல்' அல்ல. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவத்தில் வரும் கிரியை வழிபாட்டுச் செயல். 'இறுதிக் கிரியை' என்றால் சடங்கு. இந்த வாசனையோடு ரோமரைப் படிக்கும்போது ஒரு நன்மை உண்டு. ரோமர் நிருபத்தை எழுதிய பவுல் அங்கே எதிர்த்து நிற்பது விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் சடங்கு), போஜன விதி, ஓய்வுநாள் என யூதரைப் புறஜாதியாரிடமிருந்து பிரித்துக்காட்டிய நியாயப்பிரமாணத்தின் கிரியைகளை. அவர் அதோடு நின்றுவிடவில்லை, செய்ததைக் கூலியாகக் கேட்கும் மனதையும் நான்காம் அதிகாரத்தில் தொடுகிறார். ஆனால் தொடங்கும் இடம் அதுதான். யாக்கோபு பேசும் கிரியையோ வஸ்திரமில்லாத சகோதரனுக்குத் துணி, அன்றாட ஆகாரம் இல்லாத சகோதரிக்குச் சோறு. பழைய மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே சொல். 'நற்கிரியை' என்ற சொல் எபேசியர் 2:10இல் தனியாக வருவதைக் காட்டினால் பிள்ளைகள் தாங்களாகவே பிரித்துக்கொள்கிறார்கள்.

'விசுவாசம்' இன்னும் சுவையானது. ஆலயத்துக்கு வெளியே அந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் வகுப்பில் முதலில் வரும் பதில் நாய். அடுத்தது முதலாளி விசுவாசம், கட்சி விசுவாசம். அதாவது கூடவே நிற்பது, காட்டிக்கொடுக்காமல் இருப்பது. நாய்க்கு விசுவாசம் உண்டு என்று நாம் சொல்வது அதன் மனதைப் படித்துவிட்டா? வாசலில் காத்துக் கிடப்பதைப் பார்த்துத்தானே. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான பிஸ்திஸுக்கும் நம்புதல், உண்மையாயிருத்தல் என்ற இரண்டு பொருளும் உண்டு. யாக்கோபு 2:19 சொல்லும் பிசாசுகளின் விசுவாசத்தில் இல்லாதது இந்த இரண்டாவது பாதி: தேவன் ஒருவர் என்று அவைகளுக்கும் தெரியும், நடுங்கவும் செய்கின்றன, பக்கத்தில் வந்து நிற்பதில்லை. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இருக்கும் 'நம்பிக்கை' எளிதாகப் புரியும் சொல்தான். இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பழைய 'விசுவாசம்' அதிகம் வேலை செய்கிறது.

அடுத்து ஆபிரகாம். பவுலும் யாக்கோபும் ஒரே வசனத்தைத்தான் எடுக்கிறார்கள்: ஆதியாகமம் 15:6. ஒரு கோடு கிழித்து வயதுகளைக் குறிக்கச் சொல்லுங்கள். 75இல் ஆரானை விட்டுப் புறப்பட்டான். அதற்குப் பிறகு பதினைந்தாம் அதிகாரம், விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. 86இல் இஸ்மவேல் பிறந்தான். 99இல், பதினேழாம் அதிகாரத்தில், விருத்தசேதனம். 100இல் ஈசாக்கு. ஈசாக்கு கட்டைகளைச் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்த பிறகு இருபத்திரண்டாம் அதிகாரம், மகனைப் பலியிடத் துணிந்த மோரியா. பவுல் விரல் வைப்பது பதினைந்துக்கும் பதினேழுக்கும் நடுவே: விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 ஆண்டுகள் முன்பே கணக்கு முடிந்துவிட்டது. யாக்கோபு விரல் வைப்பது இருபத்திரண்டில்: அன்று எண்ணப்பட்டது இன்று நிறைவேறிற்று. ஒருவர் கேட்பது வாசல் எப்படித் திறந்தது என்று. மற்றவர் கேட்பது உள்ளே ஆள் இருக்கிறதா என்று. கோட்டைக் கிழிக்காமல் வாயால் மட்டும் சொன்னால் இது ஏறாது. பிள்ளைகள் தங்கள் கையால் குறிக்க வேண்டும்.

உவமைகளில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. படகுக்கு இரண்டு துடுப்பு, ஒன்று விசுவாசம், ஒன்று கிரியை என்ற உவமை பிரசங்கங்களில் அடிக்கடி வரும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அதில் படகை ஓட்டுகிறவன் நான். இரண்டு துடுப்பும் சம எடை, தகுதி பார்க்காமல் தேவன் தரும் கிருபைக்கு இடமே இல்லை. கரும்பலகையில் 'விசுவாசம் + கிரியை = இரட்சிப்பு' என்று எழுதுவதும் அதே பிழைதான். கூட்டல் குறியைப் பார்த்த பிள்ளை அடுத்து எத்தனை சதவீதம் என்று கேட்கும், கேட்கத்தான் வேண்டும். எபேசியர் 2:8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசிக்கவைத்தால் சமன்பாடு தானாகவே வேறு வடிவம் எடுக்கும்: கிருபை முதலில், அதைப் பெற்றுக்கொள்ளும் கையாக விசுவாசம், இரட்சிப்பு, அதற்குப் பின் நடக்கவேண்டிய பாதையாக நற்கிரியை. ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தி மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கம் பல சபைகளில் இருக்கிறது. பத்தை வெட்டினால் பவுலையே பாதியாக வெட்டியதாகிவிடும்.

மரமும் கனியும் வேதத்திலேயே உள்ள உவமை. அதையும் கவனமாகவே கையாளவேண்டும். நேற்று நட்ட கன்றில் இன்று மாம்பழம் தேடினால், மெல்ல வளரும் பிள்ளை தனக்கு விசுவாசமே இல்லையோ என்று மிரண்டுபோகும்.

நிறையப் பேர் தடுமாறும் இன்னொரு பகுதி வரி வசூலிப்பவனான சகேயு. பாதி ஆஸ்தியைக் கொடுத்தான், உடனே இரட்சிப்பு வந்தது, அப்படியானால் காசு கொடுத்துத்தானே வாங்கினான்? லூக்கா 19இல் வசன எண்களை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும். ஐந்தில் இயேசுவே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆறில் அவன் சந்தோஷத்தோடு அழைத்துப்போகிறான். எட்டில்தான் பணப்பேச்சு. அந்தப் பணப்பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். அநியாயமாய் எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பச் சொல்கிறது எண்ணாகமம் 5:7. ஆயிரம் ரூபாய்க்கு 1,200. சகேயு தருவதாகச் சொன்ன ஒன்றுக்கு நாலு என்பது யாத்திராகமம் 22:1இல் ஆட்டைத் திருடி அடித்தவனுக்கான தண்டனை. அவன் தனக்குத்தானே அந்தத் தண்டனையை எழுதிக்கொள்கிறான், ஆயிரத்துக்கு 4,000. பாதி ஆஸ்தி ஏழைகளுக்குப் போனபின் மீதிப் பாதியில் நாலத்தனை கொடுக்கவேண்டும் என்றால், மொத்த ஆஸ்தியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அநியாயப் பணமாக இருந்திருந்தால் ஆள் திவால். எந்த வகுப்பிலும் கணக்கில் கெட்டி ஒருவன் இருப்பான், அவனிடம் விட்டுவிடுங்கள். சட்டம் கேட்டதற்குமேல் ஏன் கொடுத்தான் என்ற கேள்வி அந்தக் கணக்கிலிருந்து தானே எழும்பும்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் கிரியையே வேண்டாம் என்றாரா என்பது மூத்த பிள்ளைகளின் கேள்வி. 1522இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் 3:28இல் 'மாத்திரம்' என்ற சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் அந்தச் சொல் அங்கே இல்லை, நம் தமிழிலும் இல்லை. 'விசுவாசத்தினாலே மாத்திரம்' என்ற தொடர் புதிய ஏற்பாட்டில் வருவது யாக்கோபு 2:24இல்தான், அதுவும் 'அல்ல' என்ற சொல்லோடு. யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றதும் அவர்தான், பிந்திய பதிப்புகளில் அந்த வரியை விட்டுவிட்டார். ஆனால் அதே 1522 பதிப்பில் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் நன்மை செய்துகொண்டே இருப்பது என்றார். அவர் வழிவந்த, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் போதகர் பிராங்கே, 1695இல் உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் என்ற சிறு தொகையை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஹாலேயின் அந்தப் பக்தி மரபிலிருந்துதான் 1706இல் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். கத்தோலிக்கர் பக்கம், சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கூடிய ஆயர்களின் திரெந்து சங்கம் 1547இல் யாக்கோபு 2:24ஐ நீதியில் வளர்வதற்கான ஆதாரமாக எடுத்துக்கொண்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த ஏற்பே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது. மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபையினர் 2017இலும் சேர்ந்துகொண்டார்கள். பரம்பரைச் சண்டையாக மட்டும் இதைக் கேட்டு வளர்ந்த பெற்றோருக்கே இது புதுச் செய்தியாக இருக்கும்.

செய்முறைக்கு வந்தால் வேறு வகைச் சிக்கல். வகுப்பு முடிவில் முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் கூட்டிப்போவது பல இடங்களில் வழக்கம். பிஸ்கட் பாக்கெட், இரண்டு பாட்டு, ஒரு குழுப் படம். அந்தப் படம் மாலைக்குள் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்தைப் போன வாரம்தான் அதே பிள்ளைகளுக்கு நடத்தியிருப்போம். ஆலயத்துக்குள்ளேயே மின்விசிறி இறக்கை மூன்றிலும் 'அன்பளிப்பு' என்று பெயர் எழுதியிருக்கும்போது பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. விசிறி ஓடும்போது பெயர் தெரியாது என்பது ஒரு ஆறுதல்.

யாக்கோபு 2:16ஐ அப்படியே செய்முறையாக எடுத்துக்கொள்வது நல்லது. 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்பதற்கு இன்றைய வடிவம் கைகூப்பும் படத்தோடு 'ஜெபிக்கிறோம்' என்ற செய்தி. ஜெபம் வேண்டாம் என்பதல்ல, அந்தச் செய்தியை அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்கப் பழக்கவேண்டும்: இந்த ஆளுக்கு இன்றைக்கு என்ன தேவை? அரசு மருத்துவமனையில் இருப்பவருக்கு ராத்திரி துணைக்கு ஆள், வீட்டிலிருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு, மாத்திரைச் சீட்டோடு மருந்துக்கடை வரிசையில் நிற்க ஒருவர். ரத்தம் கொடுக்க 18 வயதும் 45 கிலோ எடையும் வேண்டும், ஆகவே இந்தப் பிள்ளைகளை அதற்கு எழுப்பிவிடக்கூடாது. வரிசையில் நிற்பதற்கு வயது வரம்பு இல்லை.

கடைசி வார வீட்டுப்பாடம்: ஒரு காரியம் செய்யவேண்டும், செய்ததை யாரிடமும் சொல்லக்கூடாது, ஆசிரியரிடமும். மத்தேயு 25இன் நியாயத்தீர்ப்புக் காட்சியில் வலதுபக்கம் நிற்பவர்கள் தாங்கள் செய்த உதவியை எப்போது செய்தோம் என்று தெரியாமல் முழிப்பதை வாசித்துவிட்டு இதைக் கொடுத்தால் பொருந்தும். செய்தார்களா இல்லையா என்று நமக்குத் தெரியவராது. 'மார்க் உண்டா, ஐயா?' என்று ஒருவனாவது கேட்பான். மதிப்பெண் பட்டியலில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, சபைச் செயலர் கேட்டால் வகுப்பு நடந்தது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.