பெயர்ப்பலகையைப் பார்த்து பிரிண்டர் வாங்காதீர்கள்
"கேனானா, ஹெச்பியா, எது உழைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு: 1984-இல் வந்த ஹெச்பியின் முதல் லேசர்ஜெட் பிரிண்டரிலேயே உள்ளே ஓடியது கேனான் இயந்திரம்தான். அதற்குப் பிறகும் பல மாடல்களில் அதே கதை. இதில் எங்கே சண்டை?

லேசர் பிரிண்டரில் நான் முதலில் பார்ப்பது டிரம்மை, அதாவது மைத்தூளைத் தாளில் பதிக்கும் உருளையை. பிரதர் பிரிண்டரில் டோனர் (மைத்தூள்) தனி, டிரம் தனி. பல ஹெச்பி கார்ட்ரிட்ஜ்களில் இரண்டும் ஒன்று. டோனரோடு டிரம்மும் புதிதாகிவிடும். கியோசெரா நெடுநாள் தாங்கும் கடினமான டிரம்மை நம்புகிறது. நிறைய அச்சடிக்கும் அலுவலகத்துக்கு என் ஓட்டு அதற்கே.

தாள் சிக்கினால் மட்டும் எல்லோரும் பிராண்டைத் திட்டுகிறார்கள். தாளை இழுக்கும் ரப்பர் ரோலரைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு போய் வழுவழுவென்று இருந்தால் குற்றவாளி அதுதான். ஈரத்துணியால் துடையுங்கள், கேட்காவிட்டால் மாற்றுங்கள். எங்கள் அலுவலகத்திலோ இன்னும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவதுதான் வைத்தியம்!