அன்ஸ்கேத்டுக்குள் ஒளிந்திருக்கும் வினை

பாம்பன் பக்கம் காற்றில் மாட்டிய நாட்டுப்படகு சேதாரமில்லாமல் கரை சேர்ந்தால், ஆங்கிலப் பேப்பரில் 'அன்ஸ்கேத்டு' என்று போடுவார்கள். அதன் வேர் 'ஸ்கேத்': சேதப்படுத்து, காயப்படுத்து. ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'ஸ்கதா'விலிருந்து வந்தது. ஜெர்மனில் இன்றும் 'ஷாடன்' உண்டு. சொந்த ஆங்கிலச் சொல்லாக வளர்ந்திருந்தால் 'ஷ' ஒலிதான் நின்றிருக்கும். ஷர்ட் உள்ளூர், ஸ்கர்ட் நார்ஸ் வரவு, அதே கதைதான்.

'ஸ்கேத்'தில் வரும் 'த'வை 'அது'வில் வருகிற மாதிரி மெதுவாகச் சொல்லணும், 'பத்து' மாதிரி அழுத்தக் கூடாது.

ஆங்கிலக் கவிதையில் 'ஸ்கேத்'துக்கு இன்னொரு பொருளும் உண்டு: தீயோ மின்னலோ கருக்கிவிடுவது. இடி விழுந்து, குருத்து கருகி, மொட்டையாக நிற்கிற பனைக்கு அச்சு அசலாகப் பொருந்தும். தனி வினையாக இன்று பார்ப்பது அபூர்வம். 'ஸ்கேதிங்' இப்போது வார்த்தையால் வறுத்தெடுப்பதற்குத்தான்; புயலுக்குப் போட்டால் இடிக்கும்.