பழைய சிறிய மோட்டார்ஹோம்: லித்தியமும் சோலாரும் அப்புறம், முதலில் கூரை

பதினைந்து இருபது வருடம் ஓடிய சிறிய மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியை, வாங்கியதுமே பலரும் கேட்பது, எந்த லித்தியம் பேட்டரி நல்லது, சோலார் எத்தனை வாட் போடலாம் என்பதைத்தான். நல்ல கேள்விகள்தான், ஆனால் முதலில் கேட்க வேண்டியவை அல்ல. பழைய வண்டியைக் கொல்வது பேட்டரி இல்லை, தண்ணீர். அதற்கடுத்தது எடை. இந்த இரண்டையும் பார்க்காமல் வண்டியில் எதை ஏற்றினாலும், உளுத்த மரத்தில் ஆணி அடித்த கதைதான்.

பெரும்பாலான பழைய வண்டிகளின் சுவர் ஒரே மாதிரிதான் இருக்கும். மரச்சட்டம், அதன் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, நடுவில் ஃபோம். கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஒரு அலுமினியப் பட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள், அதன் அடியில் இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட். வண்டி ஓடும்போது பாடி முழுவதும் லேசாக முறுக்கிக்கொண்டே இருக்கும். சீலன்ட் இளகி இருக்கும் வரை அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கும், இறுகிவிட்டால் முடியிழை அளவுக்கு வெடிப்பு விடும். அது போதும். உள்ளே போன தண்ணீர் இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், காய வழியே இல்லை. உள்சுவரில் பழுப்புக் கறை தெரிகிற நேரத்தில் சட்டம் பெரும்பாலும் மட்கியிருக்கும்.

அதனால் கண்ணை நம்பாமல், மரத்தின் ஈரத்தை அளக்கும், இரண்டு முள் உள்ள ஈரமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மேல் அலமாரிகளின் உள்மூலை, ஜன்னலின் கீழ்மூலை, கூரை ஜன்னலைச் சுற்றிலும், பின்விளக்குகளின் பின்புறம், சக்கர வளைவை ஒட்டிய தரை, இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். 15 முதல் 20 வரை இருந்தால் கண்காணிக்க வேண்டும். 25-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். 30-க்கு மேல் என்றால் உள்பலகையைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். முள்ளுக்கு அடியில் உலோகப் பட்டையோ வயரோ இருந்தால் அளவு பொய் சொல்லும், சற்றுத் தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். வண்டியின் படம் ஒன்று வரைந்து ஒவ்வொரு இடத்திலும் எண்ணைக் குறித்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்தால், எந்த இடத்தில் எண் ஏறுகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஒற்றை எண்ணைவிட அந்த ஏற்றம்தான் முக்கியம்.

சீல் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். கூரை ஜன்னலை எடுத்துக்கொள்வோம். உள்சட்டத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதே அவற்றை உற்றுப் பாருங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறதோ, தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கிறது. பழைய சீலன்ட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புக் கத்தி பெயின்ட்டைக் கீறிவிடும். ஒட்டியிருக்கும் மிச்சத்தை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். இந்தத் திரவங்கள் எதுவும் அக்ரிலிக் ஜன்னல் மேல் படக் கூடாது. தின்னர், அசிட்டோன், ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் சிலந்திவலை மாதிரி நுண்வெடிப்புகள் விழும், அதைச் சரிசெய்யவே முடியாது.

அடுத்தது மரத்தைக் காயவைப்பது. ஈர மரத்தின் மேல் புது சீலன்ட் போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த மாதிரி ஆகும், அழுகல் இன்னும் வேகமெடுக்கும். ஈரம் உறிஞ்சும் கருவியை வாரக்கணக்கில் ஓடவிட்டு, ஈரமானி 15-க்குக் கீழே வந்த பிறகுதான் மூட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்தினால் மரத்துக்குள் இறங்குகிறதா? அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது மரம் வையுங்கள். எபாக்ஸி பிசின் ஊற்றிக் கெட்டிப்படுத்துவது உள்ளங்கை அளவு சேதத்துக்கு மட்டும்தான் சரிவரும்.

மூடுவதற்கு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பியூட்டைல் டேப், அதாவது இளகிய ரப்பர் மாதிரியான ஒட்டுநாடா. துவாரத்தைச் சுற்றி ஒட்டி, டேப்பின் இரு முனைகளும் சேரும் இணைப்பை மூலையில் விடாமல் நேர்ப்பகுதியில், தண்ணீர் வடியும் தாழ்வான பக்கத்தில் வையுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும், அதனால் மறுநாள் இன்னொரு முறை இறுக்கிவிட்டு வெளியே வந்ததை வெட்டி எடுக்க வேண்டும். பாலியூரிதேன் ஒட்டுப்பசையை இங்கே போடாதீர்கள். அது சீலன்ட் என்பதைவிடப் பசை. பின்னாளில் ஜன்னலைக் கழற்றும்போது கூரைத் தகட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். அதன் இடம் சோலார் பேனல் தாங்கிகளை ஒட்டுவது. சிலிக்கான் எங்குமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் மிச்சத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, புளிப்பு வாடை அடிக்கும் வகை அலுமினியத்தையும் அரிக்கும். இன்னொன்று, ஒழுக்கு என்றதும் எல்லோரும் கூரை மூலைகளையே பார்ப்பார்கள். பக்கவாட்டு மார்க்கர் விளக்குகளின் ரப்பரையும், வெளிப்பந்தல் மாட்டும் தண்டவாளத்தின் ஸ்க்ரூ துவாரங்களையும் விட்டுவிடுவார்கள். தண்ணீர் அந்த வழியாக வந்துகொண்டே இருக்கும்.

எடைக்கு வருவோம். தண்ணீர், டீசல், கேஸ், ஆட்கள், சாமான் எல்லாவற்றோடும் எடைமேடைக்குப் போய், மொத்தம், முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று மூன்று எடை எடுங்கள். வண்டியில் அறைந்திருக்கும் தகட்டின் எண்களோடு ஒப்பிடுங்கள். சின்ன வண்டிகளில் மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் மட்டும் தாண்டியிருப்பது சகஜம். காரணம் நெம்புகோல் கணக்கு. இரு ஆக்சில்களுக்கும் இடையே 3 மீட்டர் என்று வையுங்கள். பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் 60 கிலோ சைக்கிள் தாங்கி மாட்டினால் பின் ஆக்சிலில் ஏறுவது 60 அல்ல, 90 கிலோ. முன் ஆக்சிலில் 30 கிலோ குறையும், ஸ்டியரிங் லேசாகும். பின்பக்கத்துக்கு ஏர் ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஆக்சிலின் அனுமதி எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. லித்தியம் பேட்டரியை நான் ஆதரிப்பதற்குப் பாதிக் காரணமே எடைதான். 100 ஆம்ப்-அவர் ஏஜிஎம் (மூடிய ஈய வகை) பேட்டரி 30 கிலோவை ஒட்டி வரும், அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 11 முதல் 13 கிலோ.

டொயோட்டா பிக்கப் சேசிஸ் மேல் கட்டிய 1980-களின் சிறிய மோட்டார்ஹோம் உங்களிடம் இருந்தால், மற்ற எதையும் தொடும் முன் பின்சக்கரத்தின் போல்ட்டுகளை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் அது சாதாரண பிக்கப்பின் செமி-ஃப்ளோட்டிங் ஆக்சில். வண்டியின் எடையை ஆக்சில் தண்டே தாங்குகிறது. வீட்டைச் சுமக்க அது செய்யப்படவில்லை, தண்டு முறிந்தால் சக்கரம் கழன்று போகும். இரட்டைச் சக்கரம் மாட்டியிருந்தாலும் நிலைமை அதேதான். ஆறு போல்ட் உள்ள ஃபுல்-ஃப்ளோட்டிங் ஆக்சிலில் எடையைத் தாங்குவது வெளிக்குழாய், தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். ஐந்து போல்ட் வண்டியில் ஆக்சிலை மாற்றுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

டயரில் பட்டன் தேயாது, வயதுதான் ஏறும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் தயாரானது. ஆறேழு வருடம் தாண்டிய டயரை, பட்டன் புதிதாக இருந்தாலும், மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர், வருடம் என்று இரண்டு கெடு உண்டு. நின்றே இருக்கும் இந்த வண்டிகளில் வருடம்தான் முதலில் முடியும்.

இனி கரன்ட். பழைய வண்டிகளில் ஃப்ரிட்ஜ் குளிராததற்கும், விளக்கு மங்குவதற்கும் பேட்டரியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி வயரும், வண்டியின் பாடியோடு சேரும் மைனஸ் இணைப்பான எர்த்தும்தான். கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் 5 ஆம்ப் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தூரம், போகவர 12 மீட்டர் செம்பு. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் தடை 0.084 ஓம், இழப்பு 0.42 வோல்ட். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.18 வோல்ட்டுக்கு இறங்கும். பேட்டரி பாதி இறங்கிய நிலையில், கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில், இந்தக் கால் வோல்ட்தான் ஃப்ரிட்ஜ் ஓடுமா, எர்ரர் காட்டி நிற்குமா என்பதை முடிவு செய்யும். சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையிலும் ஃப்ரிட்ஜ் முனையிலும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். 0.4-க்கு மேல் இருந்தால் புது வயர் இழுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் மின்னும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுங்கள்.

பேட்டரியைப் பெரிதாக்கும் முன் செலவைக் குறையுங்கள். 10 வாட் ஹாலஜன் ஐந்து, தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் 200 வாட்-அவர், ஏறக்குறைய 17 ஆம்ப்-அவர். அதே வெளிச்சத்துக்கு 2 வாட் எல்இடி போட்டால் மூன்று சொச்சம்தான். எல்இடி 10 முதல் 30 வோல்ட் தாங்கும் வகையாக இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது லைனில் 14.4 வோல்ட் ஓடும், 12-க்கு மட்டும் செய்த மலிவு பல்புகள் அதில் கருகிவிடும்.

லித்தியத்துக்கு மாறும்போது பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை அதே இடத்தில் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது எஞ்சின் பேட்டரியையும் வீட்டுப் பகுதியின் பேட்டரியையும் இணைக்கும் பழைய ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்), லித்தியம் இழுக்கும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தாது. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, அதனால் எஞ்சினோடு சுற்றிக் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டர் தரக்கூடியது அத்தனையையும் உறிஞ்சும். ஐடிலில் ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், சூடு தாங்காமல் டயோடுகள் எரியும். நடுவில், கரன்ட்டை அளவோடு மட்டும் அனுப்பும் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். 5 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் வயர், இரண்டு பேட்டரிப் பக்கமும் முனைக்கு மிக அருகில் ஃப்யூஸ். வீட்டுக் கரன்ட்டில் ஓடும் பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும் வகையானால் லித்தியம் முழுதாக நிறையாது, 14.2 முதல் 14.6 வரை தரும் சார்ஜர் வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். குளிரில் தானே சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) உள்ளதையே வாங்குங்கள். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 100 ஆம்ப் வரை இழுக்கும் என்பதையும் மனதில் வைத்து வயரைத் தேர்ந்தெடுங்கள்.

கேஸில் இயங்கும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் (கம்ப்ரஸர் இல்லாமல் சூட்டைக் கொண்டே குளிர்விப்பது) இருந்தால், அதைத் தூக்கி எறியும் முன் சுத்தம் செய்து பாருங்கள். புகைக்குழாயின் துருத்துகள்கள் பர்னர் மேல் விழுந்து தீயை மஞ்சளாக்கும். பர்னரைத் துலக்குங்கள், கேஸ் வரும் நுண்துவாரம் உள்ள ஜெட்டை ஆல்கஹாலில் ஊறப்போட்டு ஊதுங்கள். ஊசியால் குத்தினால் துவாரம் பெரிதாகி அளவு கெட்டுவிடும். வண்டி சமதளத்தில் நிற்பதும் அவசியம், உள்ளே திரவம் ஓடுவது புவியீர்ப்பால்தான். பின்புறம் மஞ்சள் தூளும் அம்மோனியா நெடியும் இருந்தால் மட்டும் அந்த யூனிட்டின் ஆயுள் முடிந்தது. கேஸ் ஹோஸிலும் ரெகுலேட்டரிலும் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். கசிவுக்குக் கசிவு காட்டும் ஸ்பிரேயே நல்லது, அம்மோனியா கலந்த சோப்பு பித்தளையை அரிக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். குளிர் வருகிறதென்று தரைத் துவாரங்களை யாராவது அடைத்திருந்தால் உடனே திறந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கட்டாயம்.

தண்ணீர் டேங்குக்கு, 5 சதவீத ப்ளீச் லிட்டருக்கு ஒரு மில்லி கலந்தால் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் கிடைக்கும். எல்லாக் குழாயிலும் வாடை வரும் வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் விட்டு, பலமுறை அலசுங்கள். சுடுநீர் பாய்லரை மட்டும் இதிலிருந்து விலக்கிவிடுங்கள், ஸ்டீலைக் குளோரின் அரிக்கும்.

எந்தக் குழாயும் திறக்காமலே பம்ப் இரவில் அவ்வப்போது ஒரு நொடி ஓடி நிற்கிறதா? அழுத்தம் எங்கோ இறங்குகிறது. பம்ப்பிலிருந்து வெளியே போகும் ஹோஸை அழுத்தி மூடிப் பாருங்கள். அப்போதும் ஓடினால் பம்ப்பின் உள்வால்வு தேய்ந்திருக்கிறது. நின்றுவிட்டால் கசிவு அதற்கப்பால், அந்தத் தண்ணீர் சொட்டுவது தரைப்பலகையில்தான். ஒவ்வொரு இணைப்பின் கீழேயும் டிஷ்யூ தாளை வைத்து, பம்ப்பை ஆன் செய்தபடி ஓர் இரவு விடுங்கள். எந்தத் தாள் நனைகிறதோ அந்த இணைப்பைக் கழற்றி வாஷரை மாற்றி, அதன் கீழுள்ள பலகையிலும் ஈரமானியை வைத்துப் பாருங்கள்.