துறைமுகமே இல்லாமல் ஒரு கடற்படை

பிரெஞ்சு தளபதி சுஃப்ரன் 1782-83இல் சோழமண்டலக் கடலிலும் இலங்கைக் கரையிலும் எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலக் கடற்படையோடு ஐந்து முறை மோதினார். சதுரங்கப்பட்டினம், பிராவிடியன் (இலங்கைக் கரையருகே ஒரு சிறு தீவு), நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர்.

எல்லாரும் பீரங்கி எண்ணிக்கையைத்தான் பேசுவார்கள். உண்மையான தலைவலி பழுதுபார்ப்பு. நம் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது; அவர் 1782 ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். சில நாளிலேயே, செப்டம்பர் 3 சண்டையில், அவருடைய 74 பீரங்கிக் கப்பலான 'எரோ'வின் நடுப் பாய்மரம் முறிந்து விழுந்தது. மாற்று மரம் ஐரோப்பாவிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியுமா? சின்னக் கப்பல்களில் இருந்ததைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்குப் போட்டார்கள்.

இன்னொரு சிக்கல்: எல்லாக் கப்பல்களுக்கும் அடியில் செப்புத் தகடு இல்லை. தகடில்லாத மரத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டும், வேகம் குறையும், வரிசை கலையும். சதுரங்கப்பட்டினத்தில் எதிரிக் கப்பல் வரிசையின் பின்பகுதியை மட்டும் நெருக்கி அடிப்பது அவர் திட்டம். அருமையான திட்டம், ஆனால் அவருடைய கேப்டன்கள் பலர் நெருங்கவே இல்லை.

கடலூரில், 1783 ஜூன் 20, ஹியூஸிடம் 18 கப்பல், இவரிடம் 15. பீரங்கிக்கு ஆள் போதாததால் கரையிலிருந்து சுமார் 1,200 பேரை ஏற்றிக்கொண்டார். ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயாலும் குடிநீர்த் தட்டுப்பாட்டாலும் வாடியிருந்த ஆங்கிலேயர்கள் சண்டைக்குப் பின் சென்னைக்குத் திரும்பினார்கள்.